மலைமேல் ஒரு சம்சாரி

வெள்ளி, இரவு

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி ஒப்படைத்தாயிற்று. பள்ளி திறக்கும்வரை ஏற்காட்டில் இருக்கப் போகிறேன். நாகலூர் பக்கம், உடன் வேலைபார்க்கும் தோழி ஒருத்தியின் தாத்தா காலத்து ஓட்டு வீடு. சுற்றிலும் காபித் தோட்டம். கூட யாரும் இல்லை. கணவரும் மகளும் விடுமுறைக்கு ஆளுக்கொரு ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். பையில் கம்பளி, மாத்திரை டப்பா, தட்டுவடை பாக்கெட், டேப்லெட்டில் ஒரே ஒரு படம்.

'இன்டு தி வைல்ட்'. ஷான் பென் இயக்கி 2007-ல் வந்தது. ஊர், உறவு, பணம், சொந்தப் பெயர் எல்லாவற்றையும் உதறிவிட்டு அலாஸ்கா காட்டுக்குத் தனியாகப் போய் அங்கேயே இறந்துபோன ஒரு பையனின் உண்மைக் கதை. இரண்டரை மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. தினமும் கொஞ்சமாகப் பார்த்து, தினமும் கொஞ்சமாக எழுதிப் போடுவதாக உத்தேசம்.

அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினேன். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடக்கும்போது வழக்கம்போல் தலையைத் திருப்பிப் பார்த்தேன். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ. நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. இன்று அந்த முகப்பு வளைவின் கீழ் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். மலைக்குப் போகிற எல்லோரும் ஒரு சினிமாக் கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பது சேலத்துக்காரர்களுக்கு மட்டும் வாய்த்தது.

அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "தனியாவா போறீங்க?" முதலில் கண்டக்டர். அப்புறம் செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பும் பெட்டிக்கடைக்கார அம்மா. மூன்றாவது, பின் சீட்டில் மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டு வயதுச் சிறுமி. அவள் கேட்ட விதம்தான் நன்றாக இருந்தது. என்னைத் தொலைத்துவிட்டார்களோ என்று கவலைப்பட்ட மாதிரி.

படத்தின் பையனை வழியில் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்களோ என்று யோசித்தேன். கேட்டார்கள். அவனைக் கடைசியாகத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோன எலக்ட்ரீஷியன் ஒருவர், இந்த உடுப்போடு போகாதே, குளிர் தாங்காது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை என்றதும் தன் ரப்பர் பூட்ஸையும் மதியச் சாப்பாட்டையும் கொடுத்து அனுப்பினார். படத்தில் அந்த வேடத்தில் வருபவர் அவரேதான். இருபத்து நான்கு வயதுப் பையனைக் கடைசியாக உயிரோடு பார்த்த மனிதர், பதினான்கு வருடம் கழித்து அதே காட்சியைக் கேமரா முன்னால் திரும்பச் செய்திருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தை நான் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.

ஒண்டிக்கடையில் இறங்கி நாகலூர் வண்டி பிடித்தேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பதி வாசலில் காத்திருந்தார்கள். இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளி மக்கள். பேசுவது தமிழ்தான், சமவெளிக்காரர்கள் பெயரைக் கேட்டுவிட்டுக் கேரளமா என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்துப்போயிருக்கிறது. பெரியவருக்கு எழுபது இருக்கும். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். அக்கா போட்ட முதல் சட்டம்: "ஆறு மணிக்கு மேல வெளிய வராதீங்க டீச்சர். காட்டுமாடு எறங்குது."

சனி

கிறிஸ்டோபர் மெக்கண்ட்லஸ். அமெரிக்காவின் அட்லான்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் 1990-ல் பட்டம் வாங்கினான். வசதியான வீடு. மேற்படிப்புக்கு மிச்சமிருந்த சுமார் 24,000 டாலரைப் பசி ஒழிப்பு அமைப்பு ஒன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். காரை எடுத்துக்கொண்டு மேற்கே போனான்; திடீர் வெள்ளத்தில் கார் நனைந்து கிளம்பாமல் போக, அதை அங்கேயே விட்டுவிட்டுக் கையிலிருந்த நோட்டுகளைக் கொளுத்தினான். பெயரையும் மாற்றிக்கொண்டான். வீட்டுக்கு ஒரு கடிதம் இல்லை.

படத்தின் முதல் முக்கால் மணி நேரம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. காட்சிக்குக் காட்சி பாட்டு. அவன் ஒரு குன்றின்மேல் கையை விரித்து நின்றால் உடனே கிடார் வந்துவிடுகிறது. நமக்கு என்ன தோன்றவேண்டும் என்பதை பாடகர் எடி வெட்டரின் குரல் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. இடையிடையே தங்கையின் குரலில் வீட்டுக் கதை வருகிறது. அப்பா அம்மாவின் சண்டை, மறைத்த உண்மைகள். படத்திலேயே எனக்கு உறுத்திய குரல் அதுதான். உறுத்தவேண்டிய விதத்தில் உறுத்தியது. அவன் போனது அவனுக்கு விடுதலை. அந்த வீட்டில் தினமும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

பணத்தைக் கொளுத்துகிற காட்சியின்போது அக்கா காபி கொண்டுவந்தார். நின்று பார்த்தார். "நெசமான நோட்டா?" என்றார். சினிமாவில் பொய் நோட்டாக இருக்கும், ஆனால் அந்தப் பையன் நிஜமாகவே எரித்தான் என்றேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்து, "யாருக்காச்சும் குடுத்திருக்கலாம்ல" என்றார். பெரிய தொகையைக் கொடுத்தான் அக்கா, இது சில்லறை என்றேன். "சில்லறைதாங்க டீச்சர் கைக்கு ஆவும்."

பத்து மணிக்கு அவரோடு தோட்டத்துக்குப் போனேன். பழம் பறிக்கும் பருவம். ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் காலத்தில். இன்று மலையில் 'காடு' என்று நாம் போட்டோ பிடிக்கும் இடங்களில் பாதி, காபிக்கு நிழல் தருவதற்காக வைத்த சில்வர் ஓக். ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி. இந்தக் காட்டில் வேலை வாங்காத மரம் குறைவு.

பறிக்கிற பெண்கள் இடுப்பில் சாக்குப் பையை முன்பக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். கிளையை இடது கையால் வளைத்துப் பிடித்து, வலது கையின் மூன்று விரலால் பழத்தை லேசாகத் திருகுகிறார்கள். சிவந்தது மட்டும் வரவேண்டும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைக்காய் அசையக்கூடாது. காம்பு கிளையோடு பிய்ந்து வந்தால் அடுத்த வருடம் அந்த இடத்தில் பூ வராது என்கிறார்கள். காலையில் இலையெல்லாம் பனி. முதல் அரை மணி நேரத்தில் முழங்கை வரை நனைந்துவிடும், அப்புறம் பழச்சாறு ஒட்டி விரல் பிசுபிசுக்கும், மதியத்துக்குள் கறுத்துப்போகும். முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும் செடியை யாரோ ஒருத்தி முதலில் தொட்டுவிட்டுக் கத்துவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் ஒரு பை கட்டிவிட்டார்கள். சாயங்காலம் எடை போட்டபோது என்னுடையதைச் சொல்லவேண்டாம் என்று எல்லோருமே தீர்மானித்துவிட்டார்கள்.

பறித்ததை அன்றே பல்பரில் போட்டுத் தோல் நீக்கவேண்டும். விட்டால் குவியல் சூடேறிப் புளித்துவிடும். அதனால் ஆட்கள் வீட்டுக்குப் போனபிறகும் பல்பர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டின் 'இயற்கையின் அமைதி' பற்றித் தோழி அனுப்பிய செய்தியை அப்போது மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஞாயிறு

சேர்வராயன் கோயிலுக்குப் போய்வந்தேன். மலையின் உச்சி. 1,623 மீட்டர். உச்சி என்றால் கூரான சிகரம் இல்லை. அகன்ற மொட்டை மைதானம், செம்மண், காற்று. குகைதான் கோயில். தலையைக் குனிந்து, கொஞ்சம் உயரமானவர்கள் உடம்பையே மடித்து உள்ளே போகவேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும். உள்ளே போகும் சுரங்கம் காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்று சொல்வார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளி மக்கள் ஊர் ஊராக வந்து கூடுவார்கள். அக்கா ஆண்டு தவறாமல் போகிறாராம்.

கிறிஸ்துமஸ் லீவு. வேன் வேனாகக் கூட்டம். மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு. அதற்கு முன்னால் வரிசையாக முதுகுகள். தனிமையான இடம் என்று யாரோ ரீல் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்து எல்லோரும் வந்திருக்கிறார்கள்.

ஒரு பாறையில் உட்கார்ந்து தட்டுவடையைப் பிரித்தேன். அப்போது பத்திரகிரியார் ஞாபகம் வந்தார். ராஜாவாக இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பட்டினத்தாரின் பின்னால் வந்தவர். திருவிடைமருதூரில் குரு கிழக்குக் கோபுர வாசலில், சீடர் மேற்கு வாசலில். பிச்சை எடுக்க ஒரு ஓடு, மிச்சத்தைத் தின்ன ஒரு நாய், இவ்வளவுதான் அவர் சொத்து. ஒருநாள் பட்டினத்தாரிடம் ஒருவன் வந்து சோறு கேட்க, "நானே ஆண்டி. மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைப் போய்க் கேள்" என்று அனுப்பிவிட்டார். பத்திரகிரியாருக்குச் சுருக்கென்றது. இந்த ஓடும் நாயும் அல்லவா என்னைச் சம்சாரி ஆக்கின என்று ஓட்டை வீசினார். அது நாயின் தலையில் பட்டு நாய் செத்தது.

அந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது நாய்க்காக அழுதேன். இன்று கணக்குப் பார்க்கத் தோன்றியது. மெக்கண்ட்லஸ் 1992 ஏப்ரலில் காட்டுக்குள் நடந்தபோது முதுகில் நாலரைக் கிலோ அரிசி, ஒரு சிறிய துப்பாக்கி, ஒரு கட்டுப் புத்தகம், கேமரா. பட்டினத்தாராக இருந்தால் அவனையும் மேலை வாசலுக்குத்தான் அனுப்பியிருப்பார். அவன் போய்த் தங்கிய இடம் அதைவிட விசேஷம். காட்டுக்கு நடுவில் ஒரு பழைய பஸ். எண் 142. 1940-களில் செய்த வண்டி. ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் டவுன் பஸ்ஸாக ஓடியது. 1960-களின் தொடக்கத்தில் ரோடு போட வந்த கம்பெனி, ஆட்கள் படுத்துத் தூங்குவதற்காக இழுத்துவந்து போட்டுவிட்டுப் போனது. உள்ளே கட்டில், விறகு அடுப்பு. யாருமில்லாத இடம் என்று அவன் கண்டுபிடித்தது, கூலிக்காரர்கள் காலிசெய்த குடியிருப்பு.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பஸ் இல்லாவிட்டால் அவன் ஒரு மாதம்கூடத் தாக்குப் பிடித்திருக்க மாட்டான்.

வரும் வழியில் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. விலையைக் கேட்காமல் வாங்கக்கூடாது, அவ்வளவுதான் சொல்வேன்.

திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. முற்றத்துச் சிமென்ட் களத்தில் காயப்போட்ட காபிக்கொட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். பறிப்பு இல்லை. அக்கா பச்சை மொச்சைக் குழம்பு வைத்து, ராகிக்களி கிண்டி, அடுப்படியிலேயே என்னையும் உட்காரவைத்தார். பெரியவர் விறகுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். டேப்லெட்டை அரிசி டிரம்மின்மேல் சாய்த்துவைத்து மூன்று பேருமாகப் படம் பார்த்தோம். ஆங்கிலம், நான் ஓடவிட்டு ஓடவிட்டுச் சொன்னேன்.

இந்தப் படத்துக்கு உலகத்தில் நிறைய விமர்சனம் வந்திருக்கும். எங்கள் அடுப்படி விமர்சனம் மாதிரி இருக்காது.

அரிசி நாலரைக் கிலோ என்றதும் அக்கா, "ஒரு ஆளுக்கா? எத்தனை நாளைக்கு?" என்றார். காட்டில் வேட்டையாடி, கிழங்கு தோண்டிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான் என்றேன். "அந்தக் கெழங்கு யாரு காட்டுனது?" புத்தகத்தில் பார்த்தான். அக்கா பெரியவரைப் பார்த்தார், பெரியவர் அடுப்பைப் பார்த்தார்.

அப்புறம் கடமான் காட்சி. அங்கே மூஸ் என்பார்கள். நம்ம கடமானைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது. சுட்டுவிடுகிறான். எப்படிப் பதப்படுத்துவது என்று யாரோ வழியில் சொன்னதை நோட்டில் எழுதிவைத்திருக்கிறான். புகை போடப் பார்க்கிறான். அதற்குள் ஈ மொய்த்துவிடுகிறது, புழு வைத்துவிடுகிறது. உட்கார்ந்து அழுகிறான். அந்த மிருகத்தைக் கொன்றது தன் வாழ்க்கையின் பெரிய சோகங்களில் ஒன்று என்று நிஜத்திலும் டைரியில் எழுதியிருக்கிறான்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. "முழுசா வெச்சுகிட்டு என்ன பண்றான்? கயிறு கயிறா அரிஞ்சு, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில போடவேணாமா? உப்புக்கண்டம் போடத் தெரியாதா அந்தப் பையனுக்கு?" அலாஸ்கா வேட்டைக்காரர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: மெல்லிய பட்டைகளாக அறுத்துக் காற்றில் தொங்கவிட்டிருந்தால் போதும் என்று. எங்கோ வடதுருவத்துக்குப் பக்கத்து ஊர்க்காரனும் நாகலூர் அக்காவும் ஒரே யோசனையைச் சொல்கிறார்கள். படித்த பிள்ளைக்கு மட்டும் இதைச் சொல்ல ஆள் இல்லை.

ஆறு வந்தது. டெக்லனிகா. ஏப்ரலில் உறைந்தும் வற்றியும் கிடந்தபோது சுலபமாகக் கடந்து உள்ளே போனவன், ஜூலை தொடக்கத்தில் போதும் என்று முடிவுசெய்து திரும்பிவருகிறான். ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. "வெயில் காலத்துலயா வெள்ளம்?" என்றார் பெரியவர், அன்று முதல் முறையாக வாயைத் திறந்து. அங்கே மலைமேல் பனிப்பாறை, வெயில் ஏற ஏற உருகும், கோடைதான் அவர்களுக்கு வெள்ளக்காலம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். "மேல கீழ நடந்து பாத்தானா?"

பார்க்கவில்லை. அதுதான் வயிற்றைப் பிசைகிற விஷயம். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி, கையால் இழுத்துப் போகிற தொட்டி ஒன்று இருந்தது. சரியான மேப் அவனிடம் இல்லை. பஸ்ஸுக்கே திரும்பிப் போனான். ஆகஸ்டில் இறந்தான். செப்டம்பர் 6-ஆம் தேதி வேட்டைக்கு வந்தவர்கள் கண்டபோது உடம்பு முப்பது கிலோ. 113 நாள் குறிப்பு எழுதியிருந்தான்.

எது கொன்றது என்பது இன்னும் தீராத வழக்கு. ஒரு செடியை இன்னொரு செடி என்று நினைத்துத் தின்றுவிட்டதாகப் படம் காட்டுகிறது. அவன் கதையை 1996-ல் புத்தகமாக எழுதிய ஜான் கிராகவர், விதையில் இருந்த நஞ்சு என்று ஒரு விளக்கம் சொல்லி, பின்னால் அது என்ன நஞ்சு என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றிச் சொன்னார். வெறும் பட்டினிதான் என்பவர்களும் உண்டு.

படம் பாதியில் நிற்க, பெரியவர் தன் கதையைச் சொன்னார். இருபது வயதில் சாமைக் காட்டுக்குக் காவல். பரண்மேல் மாதக்கணக்காக ராத்திரிப் படுக்கை. பன்றி வந்தால் தகரம் தட்டவேண்டும். "தனியா இருக்கறதுக்குக் கூலி குடுத்தாங்க அப்ப." பயமாக இருக்காதா என்றேன். "பயம் பன்னிக்குத்தான். எனக்குத் தூக்கம்தான் பெரச்சன." என்ன செய்வீர்கள்? பாட்டுப் பாடுவாராம், எதிர் மலையில் இன்னொரு பரண்காரர் பதிலுக்குப் பாடுவாராம். சாப்பாடு? அவர் அம்மா பொழுது சாய்வதற்குள் களியுருண்டையைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். மூன்று மைல்.

செவ்வாய்

இந்த வீட்டில் டவர் கிடையாது. மேலே மிளகு ஏற்றிய பலாமரம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் வடக்கே பார்த்து நின்றால் இரண்டு கோடு வரும். இந்தக் குறிப்புகளெல்லாம் அங்கிருந்து ஏறுபவை. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனும் அதே இடத்தில் நின்றுதான் பேசுகிறான். நான் வந்தால் கொஞ்சம் தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொள்வான். மரியாதைதான், காதலியாகவும் இருக்கலாம்.

நேற்றைய குறிப்புக்கு முன்னாள் மாணவன் ஒருவன், தனக்கும் ஒருநாள் இப்படி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று எழுதியிருந்தான். ஐ.டி. வேலை. வருடத்துக்கு இரண்டு பையன்களாவது என்னிடம் இதைச் சொல்வார்கள். பெண் பிள்ளைகள் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஹாஸ்டலுக்குப் போகவே வீட்டில் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்தவேண்டிய பிள்ளைகள். மெக்கண்ட்லஸ் கட்டைவிரலை உயர்த்தி யார் வண்டியில் வேண்டுமானாலும் ஏறுகிறான். அவன் தங்கை ஏறியிருந்தால் படம் முதல் பத்து நிமிடத்திலேயே வேறு படமாகியிருக்கும். நம்மில் அப்படிக் காட்டுக்குப் போன பெண்ணாக எனக்குத் தெரிந்தது காரைக்கால் அம்மையார். அவரும் முதலில் அழகையும் சதையையும் உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் திருவாலங்காட்டுக்குப் போனார்.

2020 ஜூனில் அந்தப் பஸ்ஸை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். ராணுவ ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி. இப்போது ஃபேர்பேங்க்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. படத்தையும் புத்தகத்தையும் பார்த்துவிட்டு உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் அந்த இடத்தைத் தேடிப் போகத் தொடங்கியிருந்தார்கள். அதே ஆற்றில் 2010-ல் ஒரு பெண்ணும் 2019-ல் இன்னொரு பெண்ணும் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். வழிதவறி, காயப்பட்டு, மீட்புக் குழுவைக் கூப்பிட்டவர்கள் ஏராளம். இதைச் சொன்னபோது அக்கா மிளகைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். "தனியா இருக்கணும்னு போனவன் எடத்துக்கு இத்தனை கூட்டமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நம்ம கோயிலு மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் காட்டுமாடு பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், முப்பது அடி. கால் மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. என்னைப் பார்த்தது, பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல் மேய்ந்தது. நான் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

புதன்

மதிய வண்டிக்குக் கிளம்பவேண்டும். காலையில் மிச்சப் படத்தை முடித்தோம். இந்த முறை பெரியவர் பலகையைத் திருப்பிப் போட்டு நேராகவே உட்கார்ந்தார்.

சனிக்கிழமை எழுதியதை வாபஸ் வாங்கும் அளவுக்கு இல்லை. கிடார் இன்னும் அதிகம்தான். ஆனால் நடிகர் ஹால் ஹோல்புரூக் வரும் பகுதிக்காக மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம். மனைவியையும் மகனையும் விபத்தில் பறிகொடுத்த தோல் வேலைக்காரர். பாலைவனத்துப் பக்கம் தனியாக இருக்கிறார். பையனுக்குத் தோல் வேலை கற்றுக்கொடுக்கிறார். அவன் தன் பயணத்தையெல்லாம் ஒரு பெல்ட்டில் செதுக்குகிறான். பின்னால் பஸ்ஸில் பசியில் உடம்பு வற்ற வற்ற, அதே பெல்ட்டில் புதுப் புது ஓட்டை போட்டு இறுக்கிக்கொள்கிறான். இயக்குநர் அதைப் பெரிதுபடுத்திக் காட்டவில்லை. பார்க்கிறவர்கள் கண்டுபிடித்தால் உண்டு. பெரியவர் கண்டுபிடித்தார். தன் இடுப்புக் கயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

வீட்டைவிட்டு வெளியே வாருங்கள், இப்படியே அடைந்து கிடக்காதீர்கள் என்று அந்தக் கிழவருக்குப் பையன் புத்தி சொல்கிறான். சவாலுக்கு அவரும் குன்றின்மேல் மூச்சுவாங்க ஏறிவருகிறார். பிரியும் நேரத்தில், காரில் உட்கார்ந்தபடி, என் வம்சத்தில் நான்தான் கடைசி, உன்னைத் தத்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார். பையன், அலாஸ்காவிலிருந்து வந்தபிறகு பேசலாமே என்கிறான். ஹோல்புரூக்குக்கு அந்த வேடத்துக்காக எண்பத்து இரண்டு வயதில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது கிடைக்கவில்லை. கண்ணில் தண்ணீரை வைத்துக்கொண்டு விழவிடாமல் பேசுவது எப்படி என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

கடைசியில், மகிழ்ச்சி என்பது பகிர்ந்துகொண்டால்தான் நிஜம் என்ற பொருளில் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் எழுதுகிறான். எழுதியது நிஜம். படம் அதைக் கொஞ்சம் அழுத்தியே காட்டுகிறது. முடிவில் அவன் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட நிஜப் புகைப்படம் வருகிறது, பஸ்ஸில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டு. அக்கா அதை அணைக்கவிடவில்லை. "அவங்கம்மா இதைப் பாத்தாங்களா?" என்றார். குடும்பத்தின் சம்மதத்துக்காகப் பத்து வருடம்போலக் காத்திருந்துதான் இந்தப் படத்தை எடுத்தார்கள் என்றேன். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை.

பையில் அரைக்கிலோ மிளகும், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சாமை அரிசியும் ஏறியிருந்தன. குப்பனூர் வழியாக இறங்கும் வண்டி. ஹாரன் மேல் வளைவிலேயே கேட்டுவிட்டது. பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு ரோடுவரை வந்தார். வழியெல்லாம் பேசவில்லை. நிறுத்தத்தில் நின்றபிறகு கேட்டார்.

"அந்தத் தோல் வேலைக்காரர் அப்புறம் என்ன ஆனாருங்க?"

படத்தில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது என்றேன். பையன் கூடாரம் போட்டிருந்த இடத்துக்கே குடிபோய், அவன் வருவான் என்று காத்திருந்தார். ஒருநாள் ரோட்டில் லிஃப்ட் கேட்ட இரண்டு பேரைத் தன் வண்டியில் ஏற்றினார். பேச்சுவாக்கில் தன் நண்பன் ஒருவன் அலாஸ்கா போயிருக்கிறான் என்று சொல்ல, அவர்கள்தான் பத்திரிகையில் படித்த ஞாபகத்தில் அவன் இறந்துபோன செய்தியைச் சொன்னார்கள்.

பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. "வண்டியில ஏத்திக்கிட்டவருகிட்டயா சொல்றது? அவிங்களுக்கு என்ன அவசரம்? எறங்கற எடம் வந்ததும் எறங்கிப் போகவேண்டியதுதானே?" கண்டக்டர் விசில் கொடுத்தபிறகும் திட்டிக்கொண்டே இருந்தார்.